ஸ்காட்லாந்தின் வெறுப்புக் குற்றச் சட்டம் ஆராயப்படாமல் வந்ததா?

“ஸ்காட்லாந்தில் ஒருவர் மனம் புண்பட்டாலே 7 ஆண்டு சிறை, நாடாளுமன்றம் ஆராயாமலே நிறைவேற்றிய சட்டம்” என்று பரவும் செய்தி தவறானது. 2020 ஏப்ரலில் அறிமுகமான மசோதா, நாடாளுமன்றத்தின் நீதிக் குழுவின் விசாரணையையும் கடும் எதிர்ப்பையும் சந்தித்து, 2021 மார்ச் 11 அன்றுதான் 82-க்கு 32 என்ற வாக்குகளில் நிறைவேறியது. வெறுப்பைத் தூண்ட வாய்ப்பிருந்தாலே குற்றம் என்றிருந்த முதல் வரைவை, தூண்டும் நோக்கம் நிறுவப்பட வேண்டும் என மாற்ற ஸ்காட்லாந்தின் அன்றைய நீதித்துறை அமைச்சர் ஹம்சா யூசுஃப் 2020 செப்டம்பரிலேயே முன்வந்தார். ஆய்வு வெறும் சடங்காக இருந்திருந்தால் இந்த மாற்றம் நேர்ந்திருக்காது.

மதம், வயது, உடற்குறைபாடு போன்றவற்றைப் பொறுத்தவரை, அச்சுறுத்தும் அல்லது வசைபாடும் நடத்தையும் அந்த நோக்கமும் சேர்ந்தால்தான் குற்றமாகும். இனம் தொடர்பாக மட்டும், பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தைப் போலவே, அவமதிக்கும் நடத்தையும் அடங்கும். அங்கு நோக்கம் இல்லாவிட்டாலும் வெறுப்பு எழும் வாய்ப்பே போதும். 7 ஆண்டு என்பது உச்சவரம்பு மட்டுமே.