ஒரு தடவை திருகிப் பார்த்தால் போதாது

காற்றிலுள்ள தூசைப் பிடிக்கும் மென்சவ்வு வடிகட்டியின் தடிப்பைத் திருகுக் கணிச்சியால் (திருகித் தடிப்பை அளக்கும் கருவி) ஒரு தடவை அளந்தால் போதும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. இலங்கை மலையகத்தில் ஹட்டனில் உயர்தரப் பௌதிகவியல் கற்பிக்கிறேன்; இதை என்னால் ஏற்க முடியவில்லை. பி.எம். 2.5 எனும், 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைவுமான நுண் தூசு பிடிக்கும் டெஃப்லான் வடிகட்டிக்கு அமெரிக்க விதி கேட்கும் தடிப்பே 30 முதல் 50 மைக்ரோமீற்றர்தான். பாடசாலைக் கணிச்சியின் இழிவெண்ணிக்கை, அதாவது அதனால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மில்லிமீற்றர்; அது 10 மைக்ரோமீற்றர். 40 இருக்கிற இடத்தில் 10 வழுவிலேயே போனால் என்ன மிஞ்சும்?

அதைவிடப் பெரிய சிக்கல் அமுக்கம். சவ்வு முழுக்கத் துளைகள். அளவுக்கு மீறி இறுகாமல் தடுக்கும் ராட்செட் குமிழைப் பிடித்துத் திருகினாலும் அது நசுங்கும், வாசிப்பு குறைந்தே வரும். எங்கள் ஆய்வுகூடத்தில் இப்படிச் செய்வோம்: நுணுக்குக்காட்டிக்கு வைக்கும் மெல்லிய மூடித்தகடுகள் இரண்டைச் சேர்த்து முதலில் அளப்போம். அப்புறம் இடையில் சவ்வை வைத்து அளந்து கழிப்போம். அமுக்கம் பரவிவிடும். கணிச்சி மூடியிருக்கும்போதே பூச்சியம் காட்டாத பூச்சிய வழுவும் கழிபட்டுப் போகும். பல இடங்களில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். சவ்வைத் தாங்கும் ஓரத்து வளையத்தில் மட்டும் அளக்கவே கூடாது, அது சவ்வைவிடத் தடிப்பு. தட்டையான பாதமும் மாறா நிறையும் கொண்ட தடிப்புமானி கிடைத்தால் இன்னும் நல்லது.

எங்கள் மலையில் மூடுபனிக் காலத்தில் ஈரப்பதனையும் பார்க்க வேண்டும். டெஃப்லான் நீரை ஏற்காது, வேறு வகைச் சவ்வான செலுலோசு எசுத்தர் ஏற்கும். தேயிலை சலிக்கும் அறைத் தூசைச் செலுலோசு எசுத்தர் வடிகட்டியில் பிடித்து நிறுப்பவர்கள், நிறுக்கும் முன் அதை உலர்ந்த, ஒரே நிலையில் உள்ள அறையில் ஒரு நாள் வைத்திருங்கள். கட்டுரையாளர் இவற்றையும் சேர்த்துத் திருத்தினால் மாணவர்களுக்கு உதவும்.