விசில் அடிச்சு எடுத்த டைமுக்கு ரெண்டு தசமம் ஒரு கேடா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பள்ளிக்கூடக் குறுவட்டப் போட்டி ரிசல்ட் ஷீட்டை எடுத்துப் பாருங்க. 100 மீட்டர், முதலிடம், 11.27. அந்த 27 எங்கிருந்து வந்துச்சு? ஃபினிஷ்ல நின்னவரோட போன் காட்டுச்சு, அப்படியே எழுதிட்டாங்க. கையால எடுத்த டைம்ல ரெண்டாவது தசமத்துக்கு மதிப்பே கிடையாது. சர்வதேச தடகள விதிப்படி கை டைமை ஒரு தசமத்துக்குத்தான் எழுதணும், அதுவும் மேல தள்ளி. வாட்ச் 11.21 காட்டினாலும் ஷீட்டுல 11.3தான். இங்க 11.2ன்னு கீழ இறக்கறாங்க. என்னா தாராள மனசு!

பெரிய கொடுமை ஸ்டார்ட்டுல. ஸ்டார்ட்டர் விசில் ஊதறார். 100 மீட்டர் தள்ளி நிக்கறவர் சத்தம் காதுல விழுந்தப்புறம் பட்டனை அமுக்கறார். அந்தச் சத்தம் வந்து சேரவே 0.29 நொடி ஆகும். அதுக்கு மேல அவரோட கட்டைவிரல் தாமதம். வாட்ச் லேட்டா ஓட ஆரம்பிக்கறதால அவ்வளவும் டைம்ல குறைஞ்சிடும். ஃபினிஷ்ல இந்தத் தாமதம் அவ்வளவா இருக்காது. ஓடி வர்றவனைப் பார்த்துட்டே இருக்கறதால விரல் தயாரா இருக்கும், சிலர் கோட்டுக்கு முன்னாடியே அமுக்கிடுவாங்க. துப்பாக்கிப் புகையைப் பார்த்து ஒழுங்கா எடுத்த கை டைமுக்கே 100, 200 மீட்டருக்கு 0.24ம், 400க்கு 0.14ம் கூட்டித்தான் எலக்ட்ரானிக் டைமோட (துப்பாக்கியோட தானா ஓட ஆரம்பிச்சு, ஃபினிஷ்ல கேமரா பதியற டைம்) ஒப்பிடுவாங்க. 1977லிருந்து 400 மீட்டர் வரைக்கும் உலக சாதனைக்குக் கை டைமைச் சேர்த்துக்கறதே இல்ல. விசில் தாமதத்தையும் சேர்த்தா சுமார் அரை நொடி ஓசி. தூரமா சொன்னா நாலு மீட்டருக்கு மேல.

அந்தப் பையன் மாநிலப் போட்டிக்குப் போய் ஃபோட்டோ ஃபினிஷ் கேமரால 11.79 ஓடறான். "ஊர்ல 11.27 ஓடிட்டு இங்க வந்து சொதப்பிட்டியேடா"ன்னு திட்டு விழுது. அவன் அதே ஓட்டம்தான்யா ஓடியிருக்கான்! திட்டறதா இருந்தா வாட்சைத் திட்டுங்க.

இதுல ஒரே ஆள் ஒரே போன்ல லேப் பட்டனை (வாட்ச் ஓட ஓட ஒவ்வொருத்தர் டைமையும் குறிச்சுக்கற பட்டன்) தட்டி மூணு பேருக்கு டைம் எடுப்பார். முதலிடத்துக்கு மூணு பேர் மூணு வாட்ச் வேணும். ரெண்டு வாட்ச் ஒத்துப்போனா அதுதான் டைம், மூணும் வேறவேறன்னா நடுவுல இருக்கறது. சராசரி போடக் கூடாது. மண் ட்ராக்குல சுண்ணாம்புக் கோடு ஒரு சாண் அகலத்துக்குக் கிடக்கும். ஓடி வர்ற பக்கத்து ஓரம்தான் ஃபினிஷ், அதுவும் மார்பு அங்க வரணும். தலை, கை கணக்கில்ல. இழுத்தா நீளற துணி டேப்புல அளந்த 100 மீட்டரைப் பத்தி நான் பேசவே வரல.

காசில்லன்னு சொல்லாதீங்க. விசிலுக்குப் பதிலா மரக் கிளாப்பர் (ஒண்ணோட ஒண்ணு அடிக்கற ரெண்டு கட்டை) எடுங்க, கையைத் தலைக்கு மேல தூக்கி அடிங்க, பின்னாடி வெள்ளைத் துணி பிடிங்க. டைம் எடுக்கறவர் கட்டை மூடறதைப் பார்த்து அமுக்கட்டும். காதை நம்பாதீங்க. இன்னும் துல்லியமா வேணும்னா, ஸ்லோமோஷன்ல நொடிக்கு 240 ஃப்ரேம் (படம்), சத்தத்தோட எடுக்கற போன் போதும். சாதாரண 30 ஃப்ரேம்ல ஒரு ஃப்ரேமே 0.03 நொடி. போனை ஸ்டாண்டுல மாட்டி ஃபினிஷ் கோட்டுக்கு நேரா வைங்க. 5 டிகிரி திரும்பியிருந்தா முதல் லேனுக்கும் எட்டாவது லேனுக்கும் முக்கால் மீட்டர் பிசகும். கிளாப்பர் சத்தம் பதிவான இடத்துலிருந்து மார்பு கோட்டைத் தொடற வரைக்கும் ஃப்ரேமை எண்ணி 240ஆல வகுங்க, சத்தம் வந்து சேர்ந்த 0.29ஐக் கூட்டுங்க. முடிஞ்சுது.

ஜிபிஎஸ் வாட்ச் கட்டிட்டு 100 மீட்டர் டைம் சொல்றவங்களுக்கு ஒரு கும்பிடு. அது சில மீட்டர் பிசகற சாமான், நீண்ட தூரத்துக்கு வெச்சுக்கங்க. போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடிப் பழகறவங்களுக்குப் போன் ஸ்டாப்வாட்சே தாராளம். அங்க அரை நொடி யாரையும் கொல்லாது. ஆனா 100 மீட்டர்ல அரை நொடிங்கறது ஃபைனலுக்கும் பஸ் ஏறறதுக்கும் உள்ள தூரம். குறைஞ்சது டைமுக்குப் பக்கத்துல 'கை'ன்னு ஒரு எழுத்தாவது எழுதுங்கய்யா. அதுக்கு எவ்வளவு மை செலவாகிடும்?