மூக்கைப் பிடுங்கிய கதை

போன வருடம் ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட்டில் தங்கை வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். அம்மாவும் கூட வந்திருந்தார். தங்கை மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. அவன் மூக்கைச் செல்லமாக இழுத்து, "பிடுங்கிட்டேன் பார்" என்று முஷ்டியை மூடி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கட்டைவிரல் நுனியை நீட்டிக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பான். அமெரிக்காவில் இருக்கும் அக்கா பிள்ளைகளிடம் நான் கற்றுக்கொண்ட வித்தை அது.

மேல் வீட்டில் ஒரு துருக்கிப் பாட்டி. குழந்தையைப் பார்க்க வந்தவரிடம், உற்சாகத்தில் அந்த 'மூக்கை' அவர் பக்கமும் திருப்பி ஆட்டிக் காட்டிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மாடிப்படியில் அவருடைய மகள்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். துருக்கியில் அதைக் காட்டி "நாஹ்!" என்பார்களாம். 'உனக்கு ஒரு மண்ணும் கிடையாது' என்பதன் படு கொச்சையான வடிவம். நான் அதை அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே காட்டியிருக்கிறேன்.

வெளிநாட்டில் செய்யக் கூடாத சைகைகள் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு பட்டியல் சுற்றும். இதே முஷ்டி பிரேசிலில் அதிர்ஷ்டம், துருக்கியில் அசிங்கம் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். ஏதோ தற்செயலாக ஊருக்கு ஊர் அர்த்தம் மாறிப்போன மாதிரி. எனக்கு அந்தக் கட்டங்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது. அசிங்கம் என்பதால்தான் அது அதிர்ஷ்டமும் ஆயிற்று என்பது என் கட்சி.

இத்தாலிய மொழியில் இந்த முஷ்டியின் பெயர் பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல்லோடு ஒட்டியது: ஃபிகா. கடைசி எழுத்தை மாற்றி ஃபிகோ என்றால் அத்திப்பழம். ஆங்கிலேயர் பழத்தின் பெயரைச் சொல்லி நாசூக்காக நழுவிக்கொண்டார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் வரும் நரகத்தில் வான்னி ஃபுச்சி என்ற திருடன் இரண்டு கைகளிலும் இதைச் செய்து கடவுளையே பார்த்து நீட்டுகிறான். உடனே ஒரு பாம்பு வந்து அவன் கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது.

ஆனால் அவனுக்குப் பதின்மூன்று நூற்றாண்டுகள் முன்பு ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வதைப் பாருங்கள். மே மாதத்தில் லெமுரியா என்ற ஆவி விரட்டும் சடங்கு நாட்களில் ஆவிகள் வீட்டைச் சுற்றும். நள்ளிரவில் குடும்பத் தலைவர் வெறுங்காலோடு எழுந்து, எந்த ஆவியும் எதிரே வந்துவிடாதபடி விரல்களுக்கு நடுவே கட்டைவிரலை வைத்துக்கொண்டு நடப்பார். கறுப்பு மொச்சையைத் திரும்பிப் பார்க்காமல் எறிந்து, இதைக் கொடுத்து என்னையும் என் குடும்பத்தாரையும் மீட்டுக்கொள்கிறேன் என்று 9 முறை சொல்வார். ஒரு முனையில் இந்த முஷ்டியும் மறுமுனையில் ஆணுறுப்பும் செதுக்கிய ரோமானியத் தாயத்துகள் இன்றும் அகழாய்வுகளில் கிடைக்கின்றன.

நடுவிரலும் அப்படித்தான். அதற்கு ரோமானியர் வைத்த பெயரே வெட்கங்கெட்ட விரல். அதே விரலில் எச்சில் தொட்டு, தொட்டில் குழந்தையின் நெற்றியில் பாட்டியோ பெரியம்மாவோ தடவுவதைப் பெர்சியஸ் என்ற கவிஞர் கிண்டல் செய்கிறார். கண் படாமல் இருக்கத்தான்.

(ரஷ்யர்கள் தனி ரகம். அங்கேயும் இது 'போடா, ஒன்றும் கிடையாது'தான். சோவியத் காலத்தில் மேலே தலையாட்டிக்கொண்டே உள்ளுக்குள் அரசை ஏற்காதவர்களை, சட்டைப்பைக்குள் ஃபிகா காட்டுகிறவர்கள் என்பார்கள்.)

பிரேசிலில் இந்த முஷ்டியை மரத்தில் செதுக்கிக் குழந்தைக்குக்கூட மாட்டிவிடுகிறார்கள். போர்ச்சுக்கீசியரோடு கடல் தாண்டிப் போன பழக்கம். கெட்ட கண்ணைப் பார்த்து 'உனக்கு ஒன்றும் கிடையாது, போ' என்று அது சொல்கிறது. துருக்கிப் பாட்டியிடம் என் கை சொன்னதும் அதேதான். கெட்ட கண்ணுக்குப் போக வேண்டியது அவருக்குப் போய்விட்டது.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து தவறிப்போன வீடுகளில் அடுத்த பிள்ளைக்குக் குப்பை என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்தார்கள். எமனே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்று. கட்டி முடியாத வீட்டின் முன்னால் நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கும் பொம்மை யாரைப் பழிக்கிறது? கோபுரத்தில் ஏன் இப்படி அசிங்கமான சிற்பம் என்று சின்ன வயதில் கேட்டபோது, "கண்ணேறு கழிய" என்று தாத்தா சொன்னார். பேச்சை மாற்றத்தான் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து நான் மேலே போய் மன்னிப்புக் கேட்டேன். பாட்டி கையை வீசி விடு என்றார். அன்று மாலை அவரே இறங்கி வந்து, ஒரு நீலக் கண் மணியை ஊக்கில் கோர்த்துப் பையன் சட்டையில் குத்திவிட்டார். அவன் கன்னத்தில் அம்மா காலையில் வைத்த கறுப்புப் பொட்டு இருந்தது. அது எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை.