மன்னிப்பு வேறு, வழக்கு வேறு
'மன்னித்தவர் கோர்ட், தண்டனை என்று போகக்கூடாது' என்று மன்னிப்பைப் பற்றிய கட்டுரை ஒன்றில் படித்தேன், அதுதான் இடிக்கிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு மகன்களையும் வண்டியோடு எரித்தார்கள். மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னித்தார், அதே மாநிலத்தில் பாரிபடா ஊரிலேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கான பணியையும் தொடர்ந்தார். வழக்கு அதுபாட்டுக்கு நடந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'மன்னிப்பதில் என்ன கஷ்டம்' என்கிறார். வீட்டுப் பங்கில் அண்ணன் ஏமாற்றியபின் நான் நாலு வருஷம், மனதில் பகையை வைத்துக்கொண்டு எப்படி என்று, சர்ச்சில் திருவிருந்துக்கு (அப்பமும் ரசமும் வாங்க) எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர் வீட்டுக்குப் போய், கோபத்தில் நான் பேசின பேச்சுக்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன் (அதுதான் தொண்டையில் சிக்கியது). அண்ணி சர்க்கரை போடாமல் டீ கொடுத்தார், என் சுகர் ஞாபகம் இருந்திருக்கிறது. பத்திர வழக்கை மட்டும் நான் வாபஸ் வாங்கவில்லை.