காத்திருப்பில் கரையும் மனம்

அகதிகளின் மனநலம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அவர்கள் போரில் கண்ட கொடுமைகளோடு நின்றுவிடுகிறது. வந்து சேர்ந்த நாட்டில் அவர்கள் படும் பாட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆஸ்திரேலியா 1999இல், உரிய விசா இல்லாமல் வந்துசேர்ந்த அகதிகளுக்கு மூன்றாண்டுத் தற்காலிக விசா கொடுக்கத் தொடங்கியது. அதை வைத்துக்கொண்டு குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்த விசாவில் இருந்தவர்களை நிரந்தர விசா பெற்ற அகதிகளோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, மனச்சோர்வும் பதற்றமும் தற்காலிக விசாக்காரர்களிடமே அதிகமாக இருந்தன. எப்போது திருப்பி அனுப்புவார்களோ என்ற பயத்தோடு படுப்பவருக்கு எந்த மாத்திரை தூக்கம் தரும்?

மொழிச் சிக்கலும் சாதாரணமானதல்ல. புது மொழியைப் பிள்ளைகள்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் மருத்துவரிடம் தாய்க்காகப் பேசப் பள்ளிப் பிள்ளையை உட்காரவைக்கிறார்கள். தனக்கு நேர்ந்த வன்முறையை எந்தத் தாய் தன் பிள்ளையின் வாயால் சொல்லவைப்பாள்? தலைவலி, தூக்கமில்லை என்று சொல்லி எழுந்துவிடுவாள். மருத்துவரும் வலிமாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். உண்மையான நோய் அப்படியே கிடக்கும். அந்தப் பிள்ளையின் தலையில் ஏறும் சுமையை (இதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை) நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. பயிற்சி பெற்ற, ரகசியம் காக்கும் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும். பெண் நோயாளி கேட்டால் பெண்ணே வர வேண்டும்.

தஞ்சக் கோரிக்கை முடிவாகும்வரை வேலை செய்யவே பல நாடுகள் விடுவதில்லை. நேற்றுவரை பாடம் நடத்திய ஆசிரியர் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அடுத்த கட்டுரையில் குடியேற்ற அதிகாரிகளிடமும் கேள்வி கேளுங்கள்.