கோர்ட்டுக் கட்டைப் பிரிப்பவர் யாருடைய ஆள்?

கோர்ட்டில் ஏஜென்சி ஆள் என்றதும் துடைப்பமும் செக்யூரிட்டி சீருடையும்தான் பலருக்கு நினைவு வருகிறது. பெங்களூரில் ஹலசூரு, ஸ்ரீராம்புரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் டிகிரி முடித்துவிட்டு ‘கோர்ட்டு வேலை’ என்று டேட்டா என்ட்ரிக்கும் ஸ்கேனிங்குக்கும் போகிறார்கள். கையில் கிடைக்கும் ஆர்டரில் கோர்ட்டு முத்திரை இருக்காது, ஏஜென்சி லெட்டர்ஹெட்தான்.

கூட்டுகிற வேலையை வெளியே விடலாமா என்று வாதாட இடமுண்டு. வழக்குக் காகிதக் கட்டைத் தொடும் வேலையை விடவே கூடாது என்பது என் கட்சி. கோர்ட்டு நிர்வாகம் விட்டுத்தான் ஆவேன் என்றால், மாதாமாதம் ஏஜென்சி பில்லில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி அந்த ஆட்களின் சம்பளத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பழைய சிவில் கட்டை ஸ்கேன் செய்வது ஜெராக்ஸ் எடுக்கிற வேலை இல்லை. தையலைப் பிரித்து, பின் எடுத்து, பக்க எண் சரிபார்த்து, நைந்த தாளைக் கண்ணாடியில் வைத்தும் மற்றதை ஃபீடரில் விட்டும் எடுத்து, வழக்கு எண்ணோடு இணைத்து, பழைய வரிசையிலேயே திரும்பத் தைக்க வேண்டும். பக்கத்துக்கு இத்தனை பைசா என்று ஒப்பந்தம் போட்டால் வேகம்தான் ஜெயிக்கும். முதலில் விட்டுப்போவது முத்திரைத்தாளின் பின்பக்கம். தாளை யார், எந்தத் தேதியில் வாங்கினார் என்ற வெண்டர் குறிப்பு அங்கேதான் இருக்கும். போலிப் பத்திர வழக்கில் அதுதான் உயிர்நாடி.

இன்னொன்று லாகின். ஏஜென்சி ஆளுக்குத் தனி யூசர் ஐடி தராமல் கிளர்க்கின் பாஸ்வேர்டையே கொடுத்துவிடுகிற பழக்கம் அரசு அலுவலகங்களுக்குப் புதிதல்ல. வாய்தா தேதி தப்பாக ஏறினால் ஓசூரிலிருந்து வருகிறவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம், பிரதிவாதி வராததாகக் கணக்காகி வழக்கு எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலையாக, போனாலும் போகலாம். சிஸ்டத்தில் இருப்பது கிளர்க் பெயர், விசாரணையும் அவருக்கு. டைப் அடித்தவரை மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

சம்பளத்துக்கு வருவோம். 18,000 ரூபாய் என்று வையுங்கள். பி.எஃப். 15,000 உச்சவரம்பில் 12% என்றால் 1,800. இ.எஸ்.ஐ. 0.75%, அதாவது 135. கைக்கு வர வேண்டியது 16,065. முதலாளியான ஏஜென்சி தன் பங்காக பி.எஃப். வகையில் 1,950, இ.எஸ்.ஐ. 3.25% ஆக 585 கட்ட வேண்டும். டெண்டரில் சேவைக் கட்டணத்தைப் பெயருக்குப் போட்டு ஜெயித்த ஏஜென்சிக்கு லாபம் எங்கிருந்து வரும்? முதலாளி பங்கையும் ஆளின் தலையில் கட்டினால் கைக்கு வருவது 13,530.

இதைப் பிடிக்க ஆடிட்டர் வேண்டியதில்லை. வருகைப் பதிவேட்டோடு பெயர்வாரியான பி.எஃப். இ.சி.ஆர். (மாதாந்திரப் பங்களிப்புப் பட்டியல்), இ.எஸ்.ஐ. பட்டியல், பேங்க் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் மூன்றையும் பெயர் பெயராக ஒத்துப் பார்த்தால் போதும். மொத்தத் தொகைக்கான சலானை மட்டும் வாங்கி ஃபைலில் சொருகினால் பிரயோஜனமில்லை. அது வேறொரு சைட் ஆட்களுக்குக் கட்டியதாகவும் இருக்கலாம். இ.எஸ்.ஐ.யில் ஆறு மாதக் காலக்கெடுவுக்குள் 78 நாள் பங்களிப்பு ஏறாவிட்டால் நோய்க்காலப் பணம் கிடையாது. ராஜாஜிநகர் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் பலருக்கு அது தெரியவரும்.

ஏஜென்சி சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கியவர் தந்துவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்ள வேண்டும் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு உண்டு. ஆனால் 20 ஒப்பந்த ஆட்கள் இருந்தாலே சட்டம் பொருந்தும் என்ற வரம்பு 50 ஆகிவிட்டது. நகரத்துப் பெரிய வளாகம் உள்ளே வரலாம், தாலுகா கோர்ட்டு நழுவிவிடும்.

நிரந்தரம் கேட்டால், தற்காலிக ஆட்கள் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்ற உச்ச நீதிமன்றத்தின் உமாதேவி தீர்ப்பைக் காட்டுவார்கள். 2006இல் வந்தது, கர்நாடக வழக்குதான். ஆனால் மத்திய நீர் ஆணையத் துப்புரவுப் பணியாளர்கள் உள்ளிட்டோர் தொடர்ந்த ஜக்கோ வழக்கில், நிரந்தரத் தேவையுள்ள வேலைக்குத் தற்காலிக முத்திரை குத்துவதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கண்டித்தது. அந்தத் தீர்ப்பை எந்தெந்தக் கோர்ட்டில் ஏஜென்சி ஆள் ஸ்கேன் செய்தாரோ!

கடைசியாக, ஒப்பந்தம் மாறுகிற மாதம். புது ஏஜென்சி வந்ததும் பழையவர் கடைசிச் சம்பளத்தை இழுத்தடிப்பார். ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டிய பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.னில் பழையதை விட்டுப் புதிது போட்டால் பி.எஃப். கணக்கும் இரண்டாக உடையும். எல்லோருக்கும் கணக்கு முடிந்ததைப் பார்க்காமல் பழையவரின் டெபாசிட்டைத் திருப்பித் தரக் கூடாது. சேருகிற பிள்ளைகள் பழைய யு.ஏ.என்.னை எழுதிக் கொடுத்து, நகலில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.