எங்களுக்கு விலைக்கழிவு வேண்டாம், கதிரையைத் திருப்பித் தாருங்கள்

நேற்றுக் காலையும் எங்கள் ஊர்க் கோப்பிக் கடையிலிருந்து அந்தக் குறுஞ்செய்தி வந்தது. ஒரு கோப்பி வாங்கினால் இன்னொன்று இலவசமாம், வார இறுதியில் மட்டுமாம். இந்த மாதத்தில் இது நாலாவது. பார்க்கப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. அந்தக் கடைக்குப் போவதை நான் நிறுத்தியது காசுக்காக இல்லை. என்னைப் போல் நின்றுபோன பலரை எனக்குத் தெரியும், அவர்களில் ஒருவர்கூட நூறு ரூபாய் குறைத்தால் திரும்பப் போவேன் என்று சொன்னதில்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய 2022 இலும், பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற அந்த நாட்களிலும் இடைக்கிடை போனவர்கள்தானே நாங்கள்! 2024 இல் வற் வரி 18 வீதமாகி விலை ஏறியபோதும் முணுமுணுத்துக்கொண்டே போனோம்.

அந்தக் கிளை திறந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று இந்த ஊர்ப் பெண்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்களுக்குச் சந்திக்குச் சந்தி தேத்தண்ணிக் கடை இருக்கிறது, வாசிகசாலைத் திண்ணை இருக்கிறது, ஒன்றுமில்லாவிட்டால் மதகு இருக்கிறது. நாங்கள் இரண்டு சிநேகிதிகள் வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் இருந்து கதைப்பதென்றால் எங்கே போவது? நல்லூரடி ஐஸ்கிறீம் கடையில் குடித்து முடிந்ததும் எழும்ப வேண்டும், அடுத்த குடும்பம் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வீட்டில் கதைத்தால் வீடு முழுக்கக் கேட்கும். இந்தக் கடையில்தான் முதன்முதலாக, யாரும் ஏனென்று கேட்காமல், ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமும் இருக்க முடிந்தது. கம்பஸ் பிள்ளைகள் மடிக்கணினியோடு மூலையில் இருந்து அறிக்கை எழுதுவார்கள். காசு வாங்கும் தங்கச்சி என்னைக் கண்டதும் "அக்கா, சீனி குறையத்தானே?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகவே நான் போயிருக்கிறேன்.

பிறகு என்ன நடந்தது? ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். மெத்தைக் கதிரைகளைத் தூக்கிவிட்டு முதுகு சாய முடியாத உயரமான ஸ்டூல்களைப் போட்டார்கள். பிளக் எல்லாவற்றையும் மூடினார்கள், பிள்ளைகள் கனநேரம் இருக்கிறார்களாம். ஐந்து பேர் நின்ற இடத்தில் இப்போது இரண்டு பேர், பாவம், டெலிவரிக்குக் கட்டிக் கொடுப்பதிலேயே அந்த இரண்டு பேரின் முழு நேரமும் போய்விடுகிறது. "அக்கா" என்று கூப்பிட்ட தங்கச்சியைக் காணவே இல்லை.

கடைசியாகப் போனது மாமாவோடு. அம்மாவின் தமையன், எழுபத்தாறு வயது, பருத்தித்துறையிலிருந்து பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வந்தவர். வெயிலில் அலைந்து களைத்துப் போயிருந்தார், நல்ல கோப்பி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனேன். விலைப்பட்டியல் கேட்டால் மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோட்டை ஸ்கான் பண்ணட்டாம். மாமாவின் கையில் இருப்பது பட்டன் போன். அந்த ஸ்டூலில் அவரால் ஏறவும் முடியவில்லை, ஓரத்தில் கிடந்த ஒற்றை வாங்கில் இருத்தினேன். இருபது நிமிடம் கழித்துக் கடதாசிக் கோப்பையில், மூடி போட்டு, சூடு ஆறின கோப்பி வந்தது. நாங்கள் அங்கேயே இருந்து குடிக்கிறோம் என்று சொல்லியும் கடதாசிக் கோப்பைதான், கழுவ ஆள் இல்லையாம். வாங்கிக்கொண்டு வந்ததும் நான், மேசையைத் துடைத்ததும் நான், ஆனால் பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் போட்டிருந்தார்கள்!

மாமா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாய் குடித்துவிட்டு மெதுவாக வைத்துவிட்டார். கோப்பிக்கொட்டையை மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து உரலில் இடித்த வீட்டில் வளர்ந்த மனிதர் அவர், அந்த மணம் ஒழுங்கை முடியும் மட்டும் போகும் என்று அம்மா இன்றும் சொல்லுவா. இலைத் துரு நோய் 1869 இல் தோட்டங்களைப் பிடிக்கும் வரைக்கும் கோப்பியில் உலகத்தின் பெரிய உற்பத்தி நாடுகளில் ஒன்றாக இருந்த தீவு இது. எங்களுக்குக் கோப்பி தெரியாது என்று நினைத்துக்கொண்டா அந்தச் சீனிப்பாகை ஊற்றி நீட்டுகிறீர்கள்?

சனம் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஆலோசகர் தேவையில்லை. உங்களைவிடப் பல நூறு மடங்கு பெரிய அமெரிக்கக் கோப்பிக் கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸ் இதே குழியில் விழுந்து எழும்பியிருக்கிறது. புதிய இயந்திரங்கள் உயரமாக இருப்பதால் கோப்பி போடுபவரை வாடிக்கையாளர் காண முடியவில்லை, கடையில் கோப்பி மணமே இல்லை என்று அதை வளர்த்தெடுத்த ஹவார்ட் ஷூல்ட்ஸ் 2007 இலேயே தன் நிர்வாகிகளுக்கு எழுதினார். 2008 ஜனவரியில் திரும்பவும் தலைமைக்கு வந்தவர், பெப்ரவரி 26 மாலை அமெரிக்காவில் 7,100 கடைகளைச் சில மணித்தியாலம் இழுத்துப் பூட்டிவிட்டு, எஸ்பிரெசோ போடுவதை ஊழியர்களுக்கு முதலிலிருந்து பழக்கினார். காலைச் சாண்ட்விச்சின் சீஸ் மணம் கோப்பி மணத்தை அமுக்குகிறதென்று அதையும் நிறுத்தப் போவதாக அறிவித்தார். வருமானம் போகும் என்று தெரிந்துகொண்டே செய்த வேலை. பிறகு திரும்பவும் சறுக்கியது. 2024 செப்டெம்பரில் தலைமைக்கு வந்த பிரையன் நிக்கல் என்ன செய்தார்? செயலியில் அள்ளிக் கொடுத்த கழிவுகளைக் குறைத்தார். இருந்து குடிப்பவர்களுக்குப் பீங்கான் கோப்பையைத் திரும்பக் கொண்டுவந்தார், பாலையும் சீனியையும் தாங்களே போட்டுக்கொள்ளும் மேசையையும் திரும்ப வைத்தார், விலைப்பட்டியலைச் சுருக்கினார், கோப்பையில் பேனாவால் எழுதிக் கொடுக்கச் சொன்னார். விற்பனை உடனே ஏறிவிடவில்லை. 2025 நடுப்பகுதியிலும் அமெரிக்காவில் இறங்கியபடிதான் இருந்தது. ஆனாலும் கதிரையிலும் கோப்பையிலும்தான் தொடங்க வேண்டும் என்பது அந்தப் பெரிய கடைக்கே விளங்கியிருக்கிறது.

இங்கே உங்கள் கணக்கு என்னவென்றும் எனக்குத் தெரியும். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் கடையை நிரப்புவார்கள், அவர்கள் படமெடுக்கச் சுவரில் ஒரு லைற்றும் ஒரு வாசகமும் இருந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். திருவிழா 25 நாள். அவர்கள் விமானம் ஏறிப் போன பிறகு புரட்டாதி மழையில் உங்கள் கடைக்கு வருவது யார்? கம்பஸ் பக்கம் திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளையும், வேலை முடிந்து ஸ்கூட்டியில் வரும் நானும்தானே? எங்களை எழுப்பி விடுவதற்கென்றே கதிரையை மாற்றிவிட்டு, எங்கள் போனுக்கே இலவசம் அனுப்புகிறீர்கள்.

அந்த இலவசத்துக்குச் செலவாகும் காசில் இன்னும் இரண்டு பேரை வேலைக்கு வையுங்கள், நின்றுபோன தங்கச்சியைத் தேடிக் கூப்பிட்டு நல்ல சம்பளம் கொடுங்கள். பட்டியலில் இருக்கும் நாற்பது குடிவகையைப் பத்தாக்குங்கள், அந்தப் பத்தையும் சூடாகத் தாருங்கள். தாளில் அச்சடித்த விலைப்பட்டியல் ஒன்று மேசையில் கிடக்கட்டும். பரிமாறாத சேவைக்குக் காசு எடுக்காதீர்கள். பிளக்கைத் திறந்து விடுங்கள், ஒரு பிள்ளை மூன்று மணித்தியாலம் இருந்து படித்தால் உங்கள் கடை ஒன்றும் முழுகிவிடாது, வெறும் கடையைப் பார்த்துத்தான் சனம் உள்ளே வராமல் போகிறது.

மாமாவுக்கு அடுத்த மாதமும் கிளினிக் இருக்கிறது. அதற்குள் முதுகு சாயக்கூடிய ஒரு கதிரையைப் போட்டு, இரண்டு பீங்கான் கோப்பையைக் கழுவி வையுங்கள். முழு விலை கொடுத்துக் குடிக்கிறோம்.